பூ எடுத்த கை

வத்சலாவுக்கு எதையும் பொறுக்கி எடுக்கத் தெரியாது என்பது எங்கள் பிளாக் முழுக்கத் தெரிந்த சங்கதி. குல்ஃபி வண்டிக்காரன் பிஸ்தாவா மலாயா என்று கேட்டால், பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் முகத்தைப் பார்ப்பாள். கரோல் பாக் துணிக்கடையில் துணியை மலைபோல் பிரித்துப் போட்டால், "நீங்களே சொல்லுங்கோ ஆன்ட்டி" என்று என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வாள். அடக்கமான பெண் என்று மாமிகள் மெச்சுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினேழு வயதுப் பெண்ணுக்குப் பச்சை பிடிக்குமா நீலம் பிடிக்குமா என்று சொல்லத் தெரியவில்லை என்றால் அதற்குப் பெயர் அடக்கமா?

அவர்கள் கீழ்வீடு, நாங்கள் மேல்வீடு. ராஜகோபாலன் சார் உள்துறையில் செக்ஷன் ஆபீசர். அனந்தலக்ஷ்மி மாமிக்குக் கும்பகோணம் பக்கம். நான் திருநெல்வேலிக்காரி, கிருஷி பவனில் குமாஸ்தா. ஆர்.கே.புரம் செக்டர் நாலுக்கு நாங்கள் மாற்றலாகி வந்தபோது என் மகள் மீனாக்ஷி பிறந்திருக்கவில்லை. அவளைப் பெற்றுக்கொண்டு நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, பத்தியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர் மாமிதான். அந்த நன்றி எனக்கு உண்டு. அதனால்தான் அந்த வீட்டில் நடந்ததை எல்லாம் பொறுத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

அவர்களுக்கு வைத்தி என்று ஒரு மூத்த பிள்ளை. நான் அவனைப் பார்த்ததில்லை. ஆனால் அவன் செருப்பின் அளவு எனக்குத் தெரியும். அவனுக்குப் பாகற்காய் ஆகாது, தயிரில் மேலாடை இருந்தால் எடுத்துப் போட்டுவிடுவான், குளிக்கும்போது பாடுவான் என்பதெல்லாம் தெரியும். மாமி எல்லாவற்றையும் 'ஆகாது', 'போட்டுடுவான்' என்றுதான் சொல்வார். 'ஆகாம இருந்தது', 'போட்டான்' என்று இறந்தகாலம் ஒரு நாளும் அவர் வாயில் வந்ததில்லை. வெயில் காலத்தில் சாயங்காலம் புல்தரையில் தண்ணீர் தெளித்து எல்லோரும் கயிற்றுக்கட்டில் போடுவோம். கீழ்வீட்டுக்கு மூன்று பேர், நாலு கட்டில். நாலாவது கட்டிலில் விரிப்பும் தலையணையும் இருக்கும். பிளாக்குக் குழந்தைகள் எந்தக் கட்டிலிலும் ஏறிக் குதிக்கும், அதில் மட்டும் ஏறாது. யாரும் ஏறாதே என்று சொல்லிக் கொடுத்ததாகவும் தெரியவில்லை.

அவன் தெற்கே ஒரு பொறியியல் கல்லூரிக்குப் படிக்கப் போனான். முதல் வருஷமே மஞ்சள் காமாலை. தந்தி வந்து, சார் மட்டும் ஜி.டி. எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அங்கேயே எரித்துவிட்டு, ஹாஸ்டல் டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தார். மாமி உடலைப் பார்க்கவில்லை. அந்த வீடும் பார்க்கவில்லை. அந்த வீட்டைப் பொறுத்தவரை அவன் ஹாஸ்டலுக்குப் போனவன், இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். கூலரில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டால் மாமி பேச்சை நிறுத்திவிட்டு உள்ளறைப் பக்கம் திரும்புவார். "பேனாவால தட்டிண்டே படிப்பான்" என்பார்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த வீட்டில் யாரும் எதையும் தீர்மானிப்பதில்லை. திங்கள் என்றால் வற்றல் குழம்பு, செவ்வாய் என்றால் பருப்பு ரசம் என்று கிழமை பார்த்துத்தான் அடுப்பெரியும். மண்டியில் என்ன காய் மலிந்து கிடந்தாலும் மாமி திரும்பிப் பார்க்க மாட்டார். நான் வந்த நாளிலிருந்து அதே சுற்று. என் வீட்டுக்காரர் வேணு, கீழேயிருந்து தாளிக்கிற வாசனையை வைத்து இன்று என்ன கிழமை என்று சொல்லிவிடுவார். நான் சிரிப்பேன். பிறகு சிரித்தது உறுத்தும்.

அது எண்பத்திரண்டு, ஆசிய விளையாட்டு வரப்போகிற வருஷம். மேம்பாலம் கட்டுகிறோம் என்று தில்லியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ்கள் எங்கெங்கோ சுற்றிப் போயின. வத்சலா மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். நல்ல மதிப்பெண், உயிரியலில் பள்ளிக்கே முதல். ஒரு ஞாயிற்றுக்கிழமை, லூ என்கிற அனல் காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டிருக்க, நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வத்சலா வந்து வாசற்படியில் நின்றாள்.

"ஆன்ட்டி, காலேஜ் ஃபார்ம் எல்லாம் ஃபில் பண்ணணும். ஹெல்ப் பண்றேளா?"

"உங்கப்பா ஊருக்கே நோட் எழுதுதவரு. அவரைக் கேக்க வேண்டியதுதானே?"

"அம்மாவைக் கேளுங்கறார்."

"அம்மா?"

"அப்பாவைக் கேளுங்கறா."

"சரி, நீ என்ன சொல்லுத?"

"நான்... உங்களைக் கேக்கலாம்னு."

சுளகைக் கீழே வைத்துவிட்டேன். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். தெற்கு தில்லிப் பெண்கள் கல்லூரி ஒன்று, வடக்கே யூனிவர்சிட்டி பக்கம் இரண்டு. ஒவ்வொரு வாசலிலும் வெயிலில் வரிசை. கையில் ஈரத் துணி சுற்றிய தண்ணீர் பாட்டில். பக்கத்தில் நின்ற பஞ்சாபிப் பெண்கள் ஆங்கிலமும் சிரிப்புமாக, எனக்கு எகனாமிக்ஸ், எனக்கு சைக்காலஜி என்று விண்ணப்பம் வாங்குமுன்பே முடிவு செய்துகொண்டிருந்தார்கள். இவள் வரிசையில் ஒருவர் முந்தினாலும் "அச்சா" என்று விட்டுக்கொடுத்தாள். மதிப்பெண் பட்டியலை டைப் அடித்து நகலெடுத்து, கெஸட்டட் ஆபீசர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கியது வரை நான்தான் ஓடினேன். விண்ணப்பத்தில் முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம் என்று கட்டம் இருக்கும். பேனாவை அவள் கையில் கொடுத்தால் அந்தக் கட்டத்துக்கு மேலே அப்படியே நிற்கும்.

"கெமிஸ்ட்ரியா, ஹோம் சயன்ஸா? சொல்லுட்டி."

"எது போட்டா நல்லதோ போடுங்கோ ஆன்ட்டி."

"படிக்கப் போறது நானா?"

"நீங்க போட்டா நன்னா இருக்கும்."

கோபத்தில் அவள் பையைப் பிடுங்கி எல்லா விண்ணப்பங்களையும் மேஜையில் கொட்டினேன். அடியிலிருந்து நாங்கள் வாங்காத ஒன்று விழுந்தது. ஹிஸார் கால்நடைக் கல்லூரி. வெளி மாநிலப் பிள்ளைகளுக்கென்று கொஞ்சம் இடம் வைத்திருந்தார்கள். திருப்பிப் பார்த்தேன். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், எல்லாம் அவளே முத்து முத்தாக நிரப்பியிருந்தாள். விண்ணப்பதாரர் கையெழுத்து மட்டும் இல்லை.

"இது என்னது?"

"அது சும்மா ஆன்ட்டி."

சும்மா இல்லை. விஷயம் மெதுவாக வந்தது. முனீர்க்கா கிராமத்தில் பால் வாங்கத் தூக்கை எடுத்துக்கொண்டு தினமும் அவள்தான் போவாள். மாசி மாதம் ஒரு விடியற்காலை, பால்காரர் தொழுவத்தில் எருமை கன்று போட முடியாமல் படுத்துவிட்டது. கால்நடை டாக்டர் வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, தோள் வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பினாராம். ஆள் போதாமல், நின்றுகொண்டிருந்த இவளிடம் கயிற்றைக் கொடுத்து, "கீஞ்ச் பேட்டி, ஜல்தி, இழு" என்று கத்தினாராம். இவள் இழுத்தாள். கன்று வந்து விழுந்தது. அன்று அவள் பால் இல்லாமல், பாவாடை முழுக்க ரத்தமும் வைக்கோலுமாக வந்து நின்றது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. மாமி தலையில் தண்ணீரைக் கொட்டி வெளியிலேயே நிற்க வைத்தார். ஆனால் அந்த முகம்! அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் அவள் முகத்தில் நான் கண்டதில்லை.

"அந்த டாக்டர் ஹிஸார்ல படிச்சாராம். அவர்தான் ஃபார்ம் வரவழைச்சுக் குடுத்தார். கன்னுக்குட்டி இப்போ எவ்வளவு பெரிசாயிடுத்து தெரியுமா ஆன்ட்டி?"

"பிறகென்ன? கையெழுத்தைப் போட்டு அனுப்ப வேண்டியதுதானே?"

அவள் வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டாள்.

"இந்தக் கையாலயா?" என்றாள்.

பிறகு சொன்னாள். வைத்திக்கு இரண்டு இடம் கிடைத்திருந்தது. தில்லியிலேயே சரித்திரம் படிக்கிறேன் என்றான் அவன். சார் பொறியியல்தான் என்றார். ஒரே வீட்டில் அப்பாவும் பிள்ளையும் பேச்சு வார்த்தை இல்லை. கடைசியில், மலை மந்திர் முருகன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்போம், சாமி சொல்வதைக் கேட்போம் என்று மாமி சொன்னார். நம் பக்கம் செய்கிற வழக்கம்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ கட்டிச் சந்நிதியில் வைத்து, கபடு தெரியாத குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் தெற்கே போவது, சிவப்பு வந்தால் இங்கேயே இருப்பது என்று பேச்சு. பன்னிரண்டு வயது வத்சலாவை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள். வெள்ளை வந்தது. வைத்தி பெட்டி கட்டினான்.

"அப்பா பொட்டியோட தனியா திரும்பி வந்தார் இல்லியா, நான்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். என்னைப் பார்த்தார். 'நீ எடுத்துக் குடுத்த பூடி'ன்னார். அப்புறம் அதைப் பத்தி ஒண்ணுமே சொல்லலை. ஒரே ஒரு தடவைதான்."

குல்ஃபி வண்டியும் துணிக்கடையும் வரிசையாக ஞாபகம் வந்தன. இந்தப் பிள்ளையைப் பார்த்து எத்தனை தடவை சலித்துக்கொண்டிருக்கிறேன்!

அன்று சாயங்காலமே கீழே போய் ஹிஸார் விண்ணப்பத்தைச் சார் முன்னால் வைத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை படித்தார். ஆபீசில் ஃபைல் பார்க்கிற அதே பாவனை.

"திங்கள்கிழமைக்குள்ள போய்ச் சேரணும் போலிருக்கே" என்றார்.

"ஆமா சார். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"அனந்தம் என்ன சொல்றா?"

மாமி அடுக்களை வாசலில் நின்றிருந்தார்.

"ஹாஸ்டலா?" என்று மட்டும் கேட்டார். உள்ளே கூலர் சொட்டிக்கொண்டிருந்தது. மாமி அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை மலை மந்திர்ல பூக்கட்டிப் பார்த்துடலாம்" என்றார்.

வத்சலா நின்ற இடத்திலேயே வெளுத்துப் போனாள். சார் தலையை ஆட்டினார். தான் சொல்ல வேண்டியதை இன்னொருவர் சொல்லிவிட்டால் வருகிற நிம்மதி அந்தத் தலையாட்டலில் தெரிந்தது.

"வத்சலா எடுக்க வேண்டாம்" என்று மாமி அவசரமாகச் சொன்னார். "சாந்தா, உன் மீனுவை அழைச்சுண்டு வரியா? சின்னக் குழந்தை. கள்ளங்கபடம் தெரியாது."

மாட்டேன் என்று அங்கேயே சொல்லியிருப்பேன். சாமி காரியம் ஆயிற்றே, பத்தியச் சாப்பாடு கொண்டுவந்த கை ஆயிற்றே என்று தலையை ஆட்டி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்ட் போய்விட்டது. மீனாக்ஷி வேர்க்குருவில் சிணுங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் மோர் வாங்கலாம் என்று கீழே போனேன். மாமி அடுக்களைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். செக்டர் ரோட்டு ஓரத்து அரளிதான், இலையோடு பறித்து வந்திருந்தார். ஒரு பொட்டலம் கட்டி முடிந்திருந்தது, அதன் ஓரத்தில் சிவப்பு இதழ் ஒன்று பிதுங்கித் தெரிந்தது. இரண்டாவது இன்னும் மடிக்காமல் காகிதத்தில் விரிந்து கிடந்தது. அதுவும் சிவப்பு. சுற்றும் முற்றும் பார்த்தேன். வெள்ளை அரளி ஒன்றுகூட இல்லை.

"என்ன மாமி, ரெண்டும் செவப்பால்லா இருக்கு?"

மாமி திடுக்கிடவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"ஆமா."

"ஒண்ணு வெள்ளை வைக்கணும்லா?"

"வெச்சா போயிடுவா."

"அப்போ சாமியை எதுக்குக் கேக்கணும்? போகாதேன்னு நீங்களே சொல்லிர வேண்டியதுதானே?"

"நான் சொன்னா, நான் சொன்னதா ஆயிடுமே."

எனக்குத் திருநெல்வேலிக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"அதுக்கு எம்பிள்ளை கை வேணுமாக்கும்? போன தடவை உங்க பொண்ணு கை. அவ அஞ்சு வருஷமா ஒரு குல்ஃபி வாங்கத் திராணி இல்லாமக் கெடக்கா. இந்தத் தடவை எம்பிள்ளை கையா? நாளைக்கு வத்சலா இங்க கெடந்து புழுங்கினா, நீ எடுத்த பூதான்னு எம்பிள்ளையைப் பாத்து யாராவது சொல்லணுமா? தர மாட்டேன் மாமி. நல்லா கேட்டுக்கிடுங்க, தரவே மாட்டேன்."

"போன தடவையைப் பத்திப் பேசாதே சாந்தா."

"ஏன் பேசக் கூடாது? அன்னைக்காவது சாமி சொல்லுச்சுன்னு இருக்கு. இன்னைக்கு..."

"அன்னிக்கும் சாமி சொல்லலை" என்றார் மாமி.

மோர்ப் பாத்திரம் என் கையிலேயே இருந்தது.

"அன்னிக்கு ரெண்டும் வெள்ளை."

வெளியே பேரம் பேசும் குரல், பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவின் மணி, ஏதோ வீட்டு டிரான்சிஸ்டர். மாமி தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"அப்பாவும் பிள்ளையும் மாசக்கணக்கா முகம் குடுத்துப் பேசிக்கலை. நடுவுல நான் ஒருத்தி சாதம் போட்டுண்டு. இவர் பிடிச்சா பிடிச்சதுதான், விட மாட்டார். அவன்தான் விட்டுக்குடுப்பான். ஆனா அப்பாகிட்ட தோத்துட்டேன்னு மனசுல வெச்சுப்பான். சாமிகிட்ட தோத்தா யாருக்கு என்ன? அதான் அப்படிக் கட்டினேன். வீட்டுல சண்டை ஓயட்டும்னுதான் கட்டினேன் சாந்தா. வேற ஒண்ணும் நினைக்கலை."

"வத்சலாகிட்ட சொல்லலியா?"

"எத்தனையோ தடவை வாயெடுத்தேன். தலை பின்னிண்டே இருப்பேன், இப்போ சொல்லிடணும்னு தோணும். பின்னி முடிஞ்சுடும். எழுந்து போயிடுவா."

மாமியைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. அதே சமயம் மடியில் சாய்த்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மோர் வாங்காமல் மேலே வந்து, படுத்திருந்த மீனாக்ஷியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

போகாமல் இருந்திருக்கலாம். வத்சலாவைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. சாயங்காலம் எல்லோரும் மலை ஏறினோம். பகல் வெயிலைக் குடித்த கருங்கல் படி, செருப்பில்லாத காலைச் சுட்டது. மீனாக்ஷியை இடுப்பில் வைத்திருந்தேன். சார் முன்னால், மாமி தட்டும் தேங்காயுமாக, வத்சலா கடைசியில். மேலே காற்று வந்தது. கீழே பாதி கட்டிய பாலங்களும் புழுதியுமாகத் தில்லி பரந்து கிடந்தது.

அர்ச்சனை முடிந்து குருக்கள் இரண்டு பொட்டலங்களையும் சுவாமி பாதத்தில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். தட்டை நீட்டி, "குழந்தையை எடுக்கச் சொல்லுங்கோ" என்றார்.

மீனாக்ஷிக்குப் பொட்டலம் என்றால் மிட்டாய் நினைப்பு. கையை நீட்டினாள். நான் அந்தக் கையை என் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் வீறிட்டாள். மாமி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கையை விடவில்லை.

"குட்டி எடுக்க வேண்டாம் ஆன்ட்டி" என்றாள் வத்சலா, பின்னாலிருந்து. "அவளுக்கு எதுக்கு இது? நானே எடுக்கறேன். ஏற்கெனவே எடுத்த கைதானே, இன்னொண்ணு எடுத்தா என்ன?"

முன்னால் வந்தாள். இத்தனை நாளும் மூடி மூடி வைத்திருந்த அந்த வலது கையை நீட்டினாள்.

விரல் தட்டைத் தொடுமுன் மாமி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"எடுக்காதேடி. எடுக்காதே."

பிடித்த கையை விடாமல், மறு கையால் ஒரு பொட்டலத்தைக் கிழித்தார். அடுத்ததையும் கிழித்தார். தட்டெல்லாம் சிவப்பு.

"என்ன அனந்தம் இது?" என்றார் சார்.

"ரெண்டும் சிவப்பு. நான்தான் கட்டினேன். இவ போகக் கூடாதுன்னு கட்டினேன்." மூச்சு வாங்கியது. "அன்னிக்கும் நான்தான் கட்டினேன். அன்னிக்கு ரெண்டும் வெள்ளை. இவ எதை எடுத்திருந்தாலும் அவன் போயிருப்பான்."

குருக்கள் தட்டை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சார் தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். பிறகு வத்சலாவைப் பார்த்து, "வாசல்ல வெச்சு நான் ஒண்ணு சொன்னேன் உன்னை" என்றார்.

"தெரியும்ப்பா."

"ஞாபகம் இருக்காடி?"

"தினமும் இருக்கு."

சார் முகத்தை மேல்துண்டால் மூடிக்கொண்டார். அந்த வீட்டார் ஒருவர் வைத்திக்காகச் சத்தம் போட்டு அழுததை அன்றுதான் கேட்டேன்.

வத்சலா அழவில்லை. தன் மணிக்கட்டிலிருந்து மாமியின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"அண்ணா செத்துப்போனதுக்கு நான் அழவே இல்லை, தெரியுமாம்மா? என் கையைத்தான் பார்த்துண்டிருந்தேன். எக்ஸாம் எழுதறச்சே கூட, இந்தக் கைதானேன்னு தோணும். உனக்குத் தெரியும். தெரிஞ்சுண்டே தினமும் தலை பின்னி விட்டே."

"பயமா இருந்ததுடி கண்ணா."

"எனக்கும் பயமாத்தான் இருந்தது. நான் சின்னவ."

அவ்வளவுதான் சொன்னாள். தனியாகப் படி இறங்கினாள். மாமி கூப்பிடவில்லை. கூப்பிட அவருக்கு என்ன முகம் இருந்தது?

ஹிஸார் விண்ணப்பம் மறுநாள் போயிற்று. கையெழுத்து அவளுடையது, காப்பாளர் கையெழுத்து சாருடையது. தபால் சுணங்கிவிடும் என்று சார் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுத் தானே பஸ் ஏறிப் போய் அங்கே கொடுத்துவிட்டு வந்தார். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. எருமை கன்று போடுவதைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார்களாம். பார்த்திருக்கிறேன் என்று சொல்லவில்லையாம், இழுத்திருக்கிறேன் என்றாளாம். இதை அவள் என்னிடம் சொன்னாள், அப்பாவிடமும் சொன்னாள். மாமியிடம் சொல்லவில்லை. அந்தப் பெண் மாமியிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். சாதம் போட்டால் சாப்பிடுவாள், கேட்டால் பதில் இல்லை. தலையைத் தானே கோணல் மாணலாகப் பின்னிக்கொண்டாள். மாமி பார்த்துக்கொண்டே இருப்பார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் பேசிப் பார்த்தேன். "டைம் குடுங்கோ ஆன்ட்டி" என்றாள் வத்சலா. அவள் கேட்டது நியாயம்தான் என்று எனக்கும் பட்டது.

ஜூலையில் இடம் உறுதியாகி, மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் கஷ்மீரி கேட் பஸ் நிலையத்துக்குப் போனோம். சார் கூடவே போய் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. மாமி மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வாழையிலைக்கு அலைந்து திரிந்து அதில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். ஹரியானா ரோட்வேஸ் பஸ்ஸின் ஜன்னலுக்குக் கீழே, சேற்றில் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். பொட்டலத்தை நீட்டினார். சார் வாங்கிக்கொண்டார்.

"லீவு விட்டா வருவியோன்னோ?" என்றார் மாமி.

வத்சலா அவரைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். கண்டக்டர் விசில் ஊதினான். அவள் என் பக்கம் திரும்பி, "மீனுவைப் பார்த்துக்கோங்கோ ஆன்ட்டி" என்றாள். பஸ் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயிற்று.

திரும்பும் பஸ்ஸில் எங்களுக்கு ஒரே ஸீட்டில் இடம் கிடைத்தது, எதிரே ஒரு வயதான பஞ்சாபி அம்மாள். மாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி வந்தார். அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. செங்கோட்டை தாண்டியதும் அந்த அம்மாள், பொழுது போகாமல், பஸ்ஸில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"கித்னே பச்சே ஹை, பஹன்ஜி? எத்தனை குழந்தைகள்?"

நான் முந்திக்கொண்டு எனக்கு ஒரு பெண் என்று சொல்லிப் பேச்சைத் திருப்பப் பார்த்தேன். ஆனால் அந்த அம்மாள் மாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமிக்குத் தெரிந்த ஹிந்தி காய்கறிக்காரனோடு மல்லுக்கட்டும் அளவுக்குத்தான். மெதுவாக, சொல் சொல்லாக எடுத்து வைத்தார்.

"ஏக் லட்கா தா" என்றார். ஒரு பையன் இருந்தான். பிறகு, "மர் கயா" என்றார். செத்துப் போய்விட்டான்.

இத்தனை வருஷத்தில் மாமி அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த அம்மாள் "ஹாய் ரப்பா" என்று மாமியின் முழங்காலில் கை வைத்தாள்.

"ஏக் லட்கி ஹை" என்றார் மாமி. ஒரு பெண் இருக்கிறாள். மேலே சொல் கிடைக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கோபமா இருக்கான்னு இந்தில எப்படிடி சொல்றது?"

"நாராஸ் ஹைன்னு சொல்லணும் மாமி."

மாமி அந்த அம்மாளின் பக்கம் திரும்பி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏக் லட்கி ஹை. பஹுத் நாராஸ் ஹை" என்றார்.

ரொம்ப என்று பொருள்படுகிற அந்த 'பஹுத்' நான் சொல்லிக் கொடுத்ததல்ல. அவராகவே சேர்த்துக்கொண்டார்.